பாரம் போகும் வழி

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொள்ளுங்கள். இரு முனைகளையும் விரல்களால் பிடித்து, ஒன்றை நோக்கி ஒன்றை அழுத்துங்கள். தொட்ட மாத்திரத்தில் அது வில்லாக வளைந்து ஒரு பக்கமாக விலகிக்கொள்ளும். இப்போது அதே ஈர்க்கை இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். விரல் நுனி சிவந்துபோகும், ஈர்க்கு அசைந்து கொடுக்காது. அதே பொருள், அதே தடிமன். அழுத்தினால் நோஞ்சான், இழுத்தால் பயில்வான்.

மெல்லிய கழிகள் அழுத்தத்தில் ஏன் இப்படி விலகுகின்றன என்று 1744இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் லெயோனார்ட் ஆய்லர். கழியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அது வளையாமல் தாங்கும் பாரம் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது அவர் கணக்கின் சாரம். இழுவிசைக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. கம்பி நாலு முழம் இருந்தாலும் நானூறு முழம் இருந்தாலும் அதன் பருமன் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் (அதன் சொந்த எடையை இப்போதைக்கு மறந்துவிடுவோம்). கட்டடக்கலையில் நாம் பார்த்து மயங்கும் மெலிவு பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருகிறது.

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இருக்கும் தேசிய வங்கியில் இந்த ஈர்க்குக் கணக்கு ஒரு மாடிப்படியாகத் தொங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறச் சலவைக்கல்லும் கண்ணாடியுமாக இறுகிப்போன ஒரு கோட்டை. வாசலோ சிறியது. நுழைந்த அடுத்த கணம் ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்துக்கு எழும்பும் கூடம். ஆப்பு வடிவத்தில் உள்ளே போகப் போகக் குறுகும் கல் சுவர்கள். அந்தப் பெரிய வெறுமைக்குள் படிக்கட்டு நிற்கவில்லை, தொங்குகிறது. சிவப்புச் சாயம் பூசிய மெல்லிய எஃகுக் கம்பிகள் கூரையிலிருந்து இறங்கி ஒவ்வொரு தளமாகப் படிகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஒருவர் அந்தப் படியில் கால் வைக்கிறார் என்று வையுங்கள். அவருடைய எடை எங்கே போகிறது? நம் வீட்டுப் படிக்கட்டில் அது படியிலிருந்து சுவருக்கும் தூணுக்கும் இறங்கி நேராக மண்ணுக்குப் போய்விடும். இங்கே பாரம் முதலில் மேலே போகிறது. கம்பி வழியாகக் கூரைக்கு ஏறி, கூரையின் உத்தரங்களில் பக்கவாட்டில் நகர்ந்து, சுவர்கள் வழியாகக் கீழே வருகிறது. சுற்றுவழிதான். ஆனால் அந்தச் சுற்றுவழிக்குக் கிடைக்கும் பரிசு, படிக்கட்டைப் பிடித்திருக்கும் கம்பிகள் முழுக்க இழுவிசையில் இருக்கலாம் என்பது. இழுவிசையில் இருப்பது மெலிந்திருக்கலாம். அதே படிகளைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டுமென்றால் ஆய்லர் குறுக்கே வந்து நிற்பார். கம்பிகள் தூண்களாகப் பருத்துவிடும்.

இந்த வங்கிக்கான வடிவமைப்புப் போட்டி 1961இல் நடந்தது. வென்றவர் ஆர்னே யாக்கப்சன். முட்டை நாற்காலி, அன்ன நாற்காலி, எறும்பு நாற்காலி என்று அவர் வரைந்த இருக்கைகளை அவர் பெயர் தெரியாதவர்களும் எங்காவது படத்தில் பார்த்திருப்பார்கள். கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாய், கரண்டி வரை ஒரு கட்டடத்தில் எதையும் அடுத்தவர் கைக்கு விடாத மனிதர். வங்கி வேலை பாதியில் இருந்தபோது, 1971 மார்ச்சில் காலமானார். வங்கி மட்டுமல்ல, ஜெர்மனியில் மைன்ஸ் நகர மன்றம், லண்டனில் டென்மார்க் தூதரகம் என்று பல வேலைகள் பாதியில் நின்றன.

அவற்றைக் கையில் எடுத்தவர்கள் அவரிடம் வேலை பார்த்துவந்த ஹான்ஸ் டிஸ்ஸிங், ஓட்டோ வைட்லிங் இருவரும். அதே 1971இல் இருவரின் பெயரையும் ஒரு கூட்டல் குறியால் இணைத்து ‘டிஸ்ஸிங்+வைட்லிங்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மைன்ஸ் மன்றம் 1970களின் நடுவில் முடிந்தது, தூதரகம் 1977இல், வங்கி 1978இல்.

மேதையின் பட்டறையை வாரிசாகப் பெறுவது எளிதான காரியமில்லை. இன்னும் இருபது வருடத்துக்கு யாக்கப்சன் பாணியில் கட்டடங்கள் வரைந்தே பிழைத்திருக்கலாம். கேட்டுவர ஆளும் இருந்திருக்கும். அவர்களும் கட்டடங்கள் வரைந்தார்கள். பாக்தாதில் ஈராக் மத்திய வங்கி அவர்களுடையது. ட்யுசல்டார்ஃபில் 1986இல் திறக்கப்பட்ட கலைக்கூடத்தின், கறுப்பு கிரானைட் போர்த்திய வளைந்த முகப்பும் அவர்களுடையது. ஆனாலும் இந்த நிறுவனத்தைப் பற்றி நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. ஆசானிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட முக்கியமான சொத்து அந்தத் தொங்கும் படிக்கட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாரம் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் கேள். அந்த வழியில் வேலை இல்லாத எதையும் எடுத்துவிடு. இந்தக் கேள்வியைச் சில கிராம் எடையுள்ள ஒரு பொருளுக்கும் போட்டார்கள், பல்லாயிரம் டன் எடையுள்ள ஒன்றுக்கும் போட்டார்கள்.

சில கிராம் பொருள், மூக்குக்கண்ணாடி.

கண்ணாடி போடுபவர்களுக்குத் தெரியும், அது எங்கே பழுதாகும் என்று. காதுக் கம்பி சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒரு கீல், அதில் மிளகைவிடச் சிறிய ஒரு திருகு. நாளுக்குப் பத்துத் தடவை மடக்கி விரிக்க, திருகு மெல்லத் தளரும். ஒருநாள் தரையில் விழுந்து எங்கோ உருண்டு ஒளிந்துகொள்ளும். 1980களில், ஆர்ஹுஸ் நகரின் கண்ணாடி வல்லுநர் பால்-யோர்ன் லிண்ட்பெர்க்கும் ஹான்ஸ் டிஸ்ஸிங்கும் சேர்ந்து உட்கார்ந்தபோது, இந்தத் திருகை எப்படி மேம்படுத்துவது என்று அவர்கள் யோசிக்கவில்லை. திருகே இல்லாமல் முடியுமா என்று யோசித்தார்கள். கிடைத்த விடை ஒரு டைட்டானியம் கம்பி. கண்ணாடி வில்லையைச் சுற்றிவரும் கம்பிதான் மூக்கின் மேல் பாலமாகிறது, அதே வகைக் கம்பிதான் காதுவரை ஓடுகிறது. கீல் இருக்க வேண்டிய இடத்தில் சுருளாகச் சுற்றப்பட்டு அதுவே கீலாகிவிடுகிறது. திருகு இல்லை, ஆணி இல்லை, பற்றவைப்பு இல்லை.

ஏன் டைட்டானியம்? எடை குறைவு என்பது எல்லோரும் சொல்லும் காரணம். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராமுக்குக் கொஞ்சம் மேல், டைட்டானியம் 4.5 கிராம். எனக்கு இதைவிடச் சுவையாகப் படுவது இன்னொரு குணம். எஃகை வளைக்கத் தேவையான விசையில் ஏறக்குறைய பாதி போதும் டைட்டானியத்தை அதே அளவு வளைக்க. விட்டால் முழுதாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே மெல்லிய கம்பியே வில்போல இருந்து தலையின் பக்கங்களை இதமாகப் பிடித்துக்கொள்கிறது. பிடிப்பதற்கென்று தனி உறுப்பு தேவைப்படவில்லை. சட்டத்தின் எடை சில கிராமில் நின்றுவிட்டது. லிண்ட்பெர்க்கின் பெயரில் அந்தக் கண்ணாடி உலகம் முழுக்கப் பரவியது.

மற்ற பொருள், கடலின் மேல் இருக்கிறது.

டென்மார்க் பாதி தீவுகளால் ஆன நாடு. கோபன்ஹேகன் இருப்பது சீலாந்து தீவில். மேற்கே ஃபூனன் தீவு. இரண்டுக்கும் நடுவே ஸ்டோரபெல்ட் நீரிணை. பால்டிக் கடலுக்குள் போய்வரும் பெரிய கப்பல்களுக்கு இதுதான் பிரதான வாசல். முன்பெல்லாம் தலைநகரிலிருந்து மேற்கே போக வேண்டுமென்றால் காரையும் ரயில்பெட்டியையும் படகில் ஏற்றி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடக்க வேண்டியிருந்தது. இரு கரைகளையும் சாலையாலும் ரயிலாலும் இணைக்க 1987இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நடுவில் ஸ்ப்ரோகோ என்ற சிறு தீவு. அதற்கு மேற்கே தாழ்வான பாலம் போதும். கிழக்கேதான் கப்பல் பாதை. அங்கே ரயிலைக் கடலடிச் சுரங்கத்தில் விட்டுவிட்டு, சாலைக்கு ஒரு தொங்குபாலம் கட்ட முடிவானது.

பாலம் என்றால் பொறியாளர் வேலை, அதில் கட்டடக்கலைஞருக்கு என்ன வேலை என்ற கேள்வி நியாயமானது. பல நாடுகளில் பொறியாளர்கள் பாலத்தை முடித்துக் கொடுத்த பிறகு விளக்குக் கம்பத்தையும் கைப்பிடியையும் அழகாக்க ஒருவரை அழைப்பார்கள். டிஸ்ஸிங்+வைட்லிங் அப்படி வேலை செய்யவில்லை. 1985இல் திறக்கப்பட்ட ஃபாரோ பாலங்களிலேயே அவர்கள் பாலப் பொறியாளர்களோடு முதலிலிருந்து ஒரே மேசையில் உட்கார்ந்து பழகியிருந்தார்கள். ஸ்டோரபெல்ட்டில் கோவி உள்ளிட்ட டேனிஷ் பொறியியல் நிறுவனங்களோடு சேர்ந்து, கோபுரம் எப்படி எழ வேண்டும், கேபிள் எங்கே முடிய வேண்டும், எது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் பேசித் தீர்த்தார்கள். விசையைக் கணக்குப் போடுவது ஒருவர் வேலை, வடிவத்தை வரைவது மற்றவர் வேலை என்று கோடு கிழிக்க முடியாத இடம் தொங்குபாலம். அங்கே வடிவமேதான் கணக்கு.

துணி காயப்போடும் கொடியை எடுத்துக்கொள்வோம். கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டு நடுவில் ஈரப் போர்வையைப் போட்டால், ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்சம் தொய்வாகக் கட்டினால் அதே போர்வையை அதே ஆணி தாங்கும். போர்வையின் எடை மாறவில்லை. கயிறு எவ்வளவு தொங்குகிறது என்பது மட்டும் மாறியது. தொய்வை இரண்டு மடங்காக்கினால் கயிற்றின் கிடைமட்ட இழுவிசை பாதியாகிவிடும். அப்படியானால் தொங்குபாலத்தின் கேபிளை நன்றாகத் தொங்கவிட்டால் என்ன? விடலாம். ஆனால் அதற்கேற்பக் கோபுரங்கள் உயர வேண்டும். கேபிளில் மிச்சமாவதைக் கோபுரத்தில் செலவழிக்கிறோம்.

ஸ்டோரபெல்ட் கிழக்குப் பாலத்தின் நடு இடைவெளி 1,624 மீட்டர். கேபிளின் தொய்வு அதில் ஒன்பதில் ஒரு பங்கு, சுமார் 180 மீட்டர். கீழே கப்பல்களுக்கு 65 மீட்டர் உயரம் விட வேண்டும். இரண்டையும் பாலத்தளத்தின் கனத்தையும் கூட்டிப் பாருங்கள், கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய வந்துவிடும்: கடல் மட்டத்திலிருந்து 254 மீட்டர். டென்மார்க்கின் இயற்கையான மிக உயர்ந்த மேடு 171 மீட்டர்தான். மலையே இல்லாத நாட்டில் இந்த இரண்டு கோபுரங்களும் எவ்வளவு தூரத்துக்குத் தெரியும் என்று கற்பனை செய்துகொள்ளலாம். இன்னொரு சிறு கணக்கு: இரண்டும் செங்குத்தாக நிற்பதால், பூமி உருண்டை என்பதால், உச்சிகளுக்கு இடையிலான தூரம் அடிகளுக்கு இடையிலான தூரத்தைவிட ஆறரை சென்டிமீட்டர் அதிகம்.

கேபிள் ஒவ்வொன்றும் பென்சிலின் பருமன்கூட இல்லாத எஃகுக் கம்பிகளால் ஆனது. 18,000-க்கும் மேற்பட்ட கம்பிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி இறுக்கினால், இரு கையாலும் கட்டிப் பிடிக்க முடியாத அளவுக்கு, 80 சென்டிமீட்டருக்கும் மேல் விட்டமுள்ள ஒரு கேபிள். தொங்கும் படிக்கட்டின் சிவப்புக் கம்பிக்கும் இதற்கும் கொள்கையில் வேறுபாடு ஏதும் இல்லை.

இப்போது எடுத்துவிட்டவற்றைப் பார்ப்போம். வழக்கமான தொங்குபாலக் கோபுரத்தில் சாலைத்தளத்துக்குக் கீழே ஒரு குறுக்கு உத்தரம் இருக்கும். இரு கால்களையும் இணைக்கும். சாலைத்தளம் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டோரபெல்ட் கோபுரத்தில் அது இல்லை. உச்சியில் ஒரு குறுக்கு உத்தரம், நடு உயரத்தில் ஒன்று, அவ்வளவுதான். சாலைத்தளம் கோபுரத்தின் இரு கால்களுக்கு நடுவே எதையும் தொடாமல், எதன்மேலும் அமராமல் கடந்து செல்கிறது. அங்கே அதைத் தாங்குவதும் மேலிருந்து இறங்கும் கம்பிகளே. கோபுரத்தருகே சாலையை வெட்டி இணைப்பு வைக்க வேண்டிய தேவையும் போனது, 2.7 கிலோமீட்டர் எஃகுப் பெட்டி ஒரே துண்டாக ஓடுகிறது. கோடைக்கும் குளிருக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் அந்த நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும், குறுகும். அந்த ஒரு மீட்டரை இரு முனைகளிலும் ஏற்றுக்கொள்ள ஏற்பாடு உண்டு. இடையில் எங்கும் தடை இல்லை.

என்னை அதிகம் கவர்வது கோபுரங்களைவிடக் கேபிள் முடியும் இடம். தொங்குபாலத்தின் முழு இழுப்பும் கடைசியில் ஏதாவது ஒன்றில் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். மலைப்பாறை இருந்தால் பாறையில் மாட்டலாம். நடுக்கடலில் என்ன செய்வது? கடலடியில் ஒரு கான்கிரீட் பாரத்தை உட்காரவைத்து, அதன் எடையாலும் அடித்தரையின் உராய்வாலும் பிடித்து நிறுத்த வேண்டும். ஸ்டோரபெல்ட்டில் ஒவ்வொரு நங்கூரக் கட்டையின் அடித்தளமும் 120 மீட்டருக்கு மேல் நீளம், 50 மீட்டருக்கு மேல் அகலம். இவ்வளவு பெரிய கான்கிரீட் மலையைக் கடலில் வைத்தால் பார்வைக்குப் பாலம் நசுங்கிப்போகும். வடிவமைப்பாளர்கள் அந்தக் கட்டையைத் திறந்தார்கள். கேபிளின் இழுப்பைப் பிடிக்கும் சாய்ந்த பகுதி தனியாகவும், சாலையைத் தாங்கும் கால் தனியாகவும் பிரிந்து, நடுவே முக்கோணமாக வானம் தெரிகிறது. பாலத்தைப் படகிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு, கேபிள் எந்த வழியாக இறங்கிக் கடலுக்குள் போகிறது என்பது பாடம் படிக்காமலே புரிந்துவிடும். பாரம் போகும் வழியை மறைக்காமல் வரைந்து காட்டிய ஒரு பொறியியல் படம்போல அது நிற்கிறது.

உள்ளேயும் ஒரு எடுத்துவிடல் உண்டு. சாலைத்தளம் எனப்படுவது உள்ளே வெற்றான எஃகுப் பெட்டி. 31 மீட்டர் அகலம், 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் உயரம். கடற்காற்றில் எஃகு துருப்பிடிக்கும், ஆகவே வெளியே சாயம் பூசியே ஆக வேண்டும். உட்புறத்துக்கு? காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எஃகு துருப்பிடிப்பது ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே உள்ளே சாயமே பூசாமல், ஈரத்தை உறிஞ்சும் இயந்திரங்களை வைத்து உலர்ந்த காற்றைச் சுழலவிடுகிறார்கள். பல ஏக்கர் பரப்புள்ள உட்சுவர்களைச் சாயத்துக்குப் பதில் காற்று காக்கிறது. சின்ன பெல்ட் என்ற இன்னொரு நீரிணையின் மேல் 1970இல் திறக்கப்பட்ட பாலத்திலேயே டேனியர்கள் பழகிய உத்தி இது.

மெலிவுக்கு ஒரு விலை உண்டு. அதைக் கேட்க வருவது காற்று.

தந்திக் கம்பி காற்றில் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். கம்பியைத் தாண்டும் காற்று அதன் முதுகுப்புறத்தில் ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே என்று மாறி மாறிச் சுழல்களை உதிர்த்துக்கொண்டே போகும். ஒவ்வொரு சுழலும் கழலும்போது கம்பியை லேசாகத் தட்டிவிட்டுப் போகும். இந்தத் தட்டலின் வேகம் எதைப் பொறுத்தது என்று 1878இல் செக் நாட்டு இயற்பியலாளர் வின்செங்க் ஸ்ட்ரௌஹால் கண்டுபிடித்தார்: காற்றின் வேகம் கூடினால் கூடும், பொருளின் தடிமன் கூடினால் குறையும். மூன்று மில்லிமீட்டர் கம்பியில் வினாடிக்கு 6 மீட்டர் காற்று பட்டால் வினாடிக்கு 400 தட்டல். காதுக்குக் கேட்கும் ஸ்வரம். நாலு மீட்டர் கனமுள்ள பாலத்தளத்தில் பட்டால் அது சில வினாடிக்கு ஒரு தட்டலாகிவிடும். காதுக்குக் கேட்காது. ஆனால் ஊஞ்சலை எண்ணிப் பாருங்கள். சரியான நேரத்தில் சுண்டுவிரலால் தட்டிக்கொண்டே இருந்தால் ஊஞ்சல் உயர்ந்துகொண்டே போகும். ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத் தொங்குபாலத்தின் இயற்கையான ஆட்டமும் சில வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கிறது.

அதனால்தான் புயலைவிடச் சில சமயம் மிதமான காற்று தொல்லை தருகிறது. 1998இல் ஸ்டோரபெல்ட் பாலம் முடியும் தறுவாயில், வினாடிக்குப் பத்து மீட்டர் அளவிலும் அதற்குக் குறைவாகவும் வீசிய காற்றில், நடு இடைவெளி மெதுவாக மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு, பல சென்டிமீட்டர் ஆட்டம். பாலம் உடைந்துபோகும் வகையான ஆட்டம் இது இல்லை. 1940இல் அமெரிக்காவின் டகோமா பாலம் நாலு மாதத்துக்குச் சற்றே மேல் நின்று விழுந்தது முறுக்காட்டத்தால். சாலைத்தளம் துணியைப் பிழிவதுபோல இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டது. ஸ்டோரபெல்ட்டில் நடந்தது வேறு. ஆனாலும் காரில் போகிறவருக்குச் சாலை அலையடிப்பது சரியாக இருக்காது. எஃகும் காலப்போக்கில் களைத்துப்போகும்.

முறுக்காட்டத்தை எப்படித் தடுத்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இன்னொரு வீட்டுச் சோதனை. காலண்டர் சுருட்டி வரும் அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து இரு முனையையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள், முடியாது. அதே குழாயை நீளவாட்டில் கத்தியால் ஒரே ஒரு கீறல் கீறிவிட்டுத் திருகுங்கள், குழைந்துவிடும். எடுத்தது ஒன்றுமில்லை, மூடியிருந்ததைத் திறந்ததுதான். மூடிய பெட்டி முறுக்கத்தை எதிர்க்கும். பிரிட்டனில் 1966இல் திறந்த செவர்ன் பாலத்திலிருந்து ஐரோப்பியர்கள் சாலைத்தளத்தை விமான இறக்கைபோல ஓரங்கள் கூர்ந்த மூடிய பெட்டியாகச் செய்யத் தொடங்கினார்கள். ஸ்டோரபெல்ட்டும் அந்த வகை. ஆகவே முறுக்காட்டம் பயமில்லை. மிச்சமிருந்தது அடிப்பக்கத்தில் கழலும் சுழல்கள்.

தீர்வு எளிமையானது. பெட்டியின் அடித்தட்டும் சாய்ந்த பக்கத்தட்டும் சேரும் முனையில், காற்று பிய்த்துக்கொண்டு விலகும் இடத்தில், வளைந்த மெல்லிய தகடுகளை ஓரத்தோடு ஓரமாகப் பொருத்தினார்கள். வழிகாட்டித் தகடுகள் என்று பெயர். காற்று முனையில் வழுக்கி விலகாமல் தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே புகுந்து பரப்பை ஒட்டியே ஓடுகிறது. பெரிய சுழல் உருவாகவில்லை, ஆட்டம் அடங்கியது. 1998 ஜூன் 14 அன்று பாலம் திறக்கப்பட்டது. ஒரு மணி நேரப் படகுப் பயணம் பத்து நிமிடமாகச் சுருங்கியது.

வேண்டாததையெல்லாம் எடுத்துவிட்ட ஒரு பாலத்தில் கடைசி நேரத்தில் ஓர் உறுப்பைச் சேர்க்க வேண்டி வந்ததை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. பாரம் என்று நாம் சொல்வது கீழ்நோக்கி இழுப்பது மட்டுமில்லை. காற்றின் தள்ளலும் பாரம்தான். அதுவும் ஒரு வழி தேடுகிறது. அந்த வழி வரைபடத்தில் விடுபட்டிருந்தது, பின்னால் வரையப்பட்டது.

ஹாங்காங்கில் அதே வழியை முதலிலேயே வரைந்தார்கள். ஸ்டோன்கட்டர்ஸ் பாலத்துக்கு 2000இல் நடந்த சர்வதேசப் போட்டியில் வென்ற குழுவில் டிஸ்ஸிங்+வைட்லிங் கட்டடக்கலைஞர்களாக இருந்தார்கள். இடைவெளி 1,018 மீட்டர். சூறாவளிகள் தவறாமல் வந்துபோகும் துறைமுகம். அங்கே கோபுரத்துக்கு இரண்டு கால் கிடையாது. 298 மீட்டர் உயரத்துக்குக் கூம்பிச் செல்லும் ஒற்றைக் கம்பம். மேல்பகுதிக்குத் துருப்பிடிக்காத எஃகு உறை. கம்பம் நடுவில் நிற்பதால் சாலை இரண்டாகப் பிரிந்து அதன் இருபுறமும் போக வேண்டும். பிரிந்த இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே நீளமான இடைவெளி. அந்த இடைவெளி வழியாகக் காற்று மேலும் கீழும் போய்வருவதால், தளத்தின் மேற்பரப்புக்கும் அடிப்பரப்புக்கும் இடையே அழுத்த வித்தியாசம் பெருகுவதில்லை. முறுக்காட்டத்துக்குத் தேவையான பிடி காற்றுக்குக் கிடைப்பதில்லை. கோபுரத்தின் அழகும் காற்றின் இயற்பியலும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்த அபூர்வமான இடம் இது. 2009 டிசம்பரில் வண்டிகள் ஓடத் தொடங்கின.

இத்தனை பெரிய பாலங்களுக்குப் பிறகு, இந்த நிறுவனத்தை இன்று உலகம் அதிகம் அறிவது ஒரு சின்னப் பாலத்தால். அதில் கார் போகாது.

கோபன்ஹேகன் துறைமுகத்தின் குறுக்கே 2006இல் ப்ரூகப்ரோன் என்ற பாலத்தை இவர்கள் வடிவமைப்பில் கட்டினார்கள். நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டுமான பாலம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்தத் துறைமுகத்தில் எழுந்த முதல் புதிய பாலம். சைக்கிள்காரர்கள் சந்தோஷமாக வந்து சேர்ந்தார்கள். ஆனால் மறுகரையில் ஒரு வணிக வளாகமும் ஒரு படிக்கட்டும் குறுக்கே நின்றன. காலையில் வேலைக்குப் போகும் கூட்டம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு படி ஏறுவதும், நடப்பவர்களோடு முட்டிக்கொள்வதுமாக இருந்தது. அதற்கு விடையாக 2014இல் திறக்கப்பட்டது சைக்கிள்ஸ்லாங்கன், அதாவது சைக்கிள் பாம்பு. 200 மீட்டரைச் சற்றே தாண்டும் நீளம், 4 மீட்டர் அகலம், ஆரஞ்சு நிறத் தளம். தண்ணீருக்கு மேலே, கட்டடங்களுக்கு நடுவே நெளிந்து நெளிந்து இறங்கி ப்ரூகப்ரோனில் போய்ச் சேர்கிறது. பின்னாளில் சீனாவின் ஷியாமென் நகரம் 7.6 கிலோமீட்டர் நீள உயர்மட்ட சைக்கிள் பாதை வேண்டுமென்று நினைத்தபோது இவர்களைத்தான் அழைத்தது.

நேர்கோட்டில் போயிருந்தால் நீளம் குறைந்திருக்கும். நெளிவு சைக்கிளுக்காக. சைக்கிள்காரர் வளைவில் உடலைச் சாய்த்துத் திரும்புவார். வண்டியும் உடலும் ஒன்றாகச் சாயும் அந்த இயல்பான நடனத்துக்கு ஏற்ற வளைவுகள் இவை. வேகமும் தானாக மட்டுப்படும். ஆனால் வளைந்த பாலம் பொறியாளருக்கு ஒரு சிக்கல். வரிசையாக நிற்கும் ஒற்றைத் தூண்களின் மேல் நேரான பலகையை வைத்தால் பாரம் தூண்களுக்கு நேர்மேலே இருக்கும். வளைந்த பலகையை வைத்தால் அதன் வயிறு தூண்களின் கோட்டுக்கு வெளியே பிதுங்கி நிற்கும். அங்கே ஒருவர் போய் நின்றால் பலகை கவிழப் பார்க்கும். இதற்கு இரட்டைத் தூண் போடுவது சுலபமான வழி. போட்டிருந்தால் கீழே தண்ணீர் ஓரமாக நடப்பவர்களுக்குத் தூண்காடாகத் தெரிந்திருக்கும். இங்கே மறுபடியும் அந்த அட்டைக் குழாய் கைகொடுத்தது. தளத்தின் முதுகெலும்பு மூடிய எஃகுப் பெட்டி. முறுக்கத்தைத் தூணிலிருந்து தூணுக்கு அதுவே கடத்திக்கொண்டு போவதால், தூண்கள் ஒற்றையாக, ஒல்லியாக, தூரம் தூரமாக நிற்கின்றன. ஸ்டோரபெல்ட்டில் காற்றின் முறுக்கலைத் தாங்கிய அதே வடிவம், இங்கே அலுவலகம் போகிறவர்களின் எடையைத் தாங்குகிறது.

முன்பக்கம் மரப்பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிளில் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்து ஓட்டிவரும் தாய்மாரும் தந்தைமாரும் அந்த நகரத்தில் சாதாரணக் காட்சி. அப்படி ஒரு வண்டி பாம்பின் வளைவில் இறங்குகிறது. குழந்தைகளின் எடை மரப்பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு, சக்கரத்திலிருந்து ஆரஞ்சுத் தளத்துக்கு, தளத்திலிருந்து எஃகுப் பெட்டிக்கு இறங்கி, கொஞ்சம் முறுக்கமாகவும் கொஞ்சம் வளைவாகவும் உருமாறி, ஒரு தூணைக் கண்டுபிடித்து, துறைமுகத் தண்ணீருக்கு அடியில் மண்ணைச் சேர்கிறது. நீரோட்டம் உள்ள நாட்களில் அந்தத் தூணின் பின்புறத்தைப் பார்த்தால், ஒருமுறை இடம், ஒருமுறை வலம் என்று மாறி மாறிக் கழன்று போகும் சின்னச் சுழிகள் தெரியும்.